தவலை ஏன் பிளந்தது? உலோகத்தின் தகடாகும் தன்மை குறித்து

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழம்பொருள் கடையொன்றில் வாங்கிய பித்தளைத் தவலையின் வயிற்றில் இருந்த நசுங்கலை ஒரு பட்டறையில் கொடுத்துத் தட்டி எடுத்ததாகவும், அன்று ஒழுங்காக இருந்த பாத்திரம் மறுநாள் காலையில் அதே இடத்தில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உலோகம் என்றாலே அடித்தால் தகடாகும் என்றுதானே பள்ளியில் படித்தோம், பொன்னை மூச்சுக் காற்றில் பறக்கும் அளவுக்கு மெலிதாக அடிக்கிறார்களே, இந்தப் பித்தளை மட்டும் ஏன் பிளந்தது, கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கட்டவில்லை என்றே நினைக்கிறேன். பித்தளை நல்ல பித்தளையாகவே இருந்திருக்கும். நல்ல பித்தளைதான் இப்படிப் பிளக்கவும் செய்யும். அடர்த்தியையும் உருகுநிலையையும் அட்டவணையில் பார்த்துச் சொல்லிவிடுவதைப் போல, தகடாகும் தன்மையை உலோகத்தின் பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்தக் குறிப்பிட்ட துண்டு இதுவரை எத்தனை அடி வாங்கியது, கடைசியாக எப்போது நெருப்பைக் கண்டது, அதில் வேறு எது கலந்திருக்கிறது, இத்தனை ஆண்டுகளாக எந்தக் காற்றில் கிடந்தது என்பதையெல்லாம் பொறுத்து அது ஏறும், இறங்கும், சில சமயம் அடியோடு தீர்ந்தும் போகும். பாடப்புத்தகம் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. பட்டறைக்காரர்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரியும், ஆனால் அவசரத்தில் அவர்களும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அடித்தோ, உருளைகளுக்கிடையே அழுத்தியோ ஒரு பொருளை விரிசல் விடாமல் பரப்ப முடிந்தால் அது தகடாகும் தன்மை. இழுத்து அறுபடாமல் நீட்ட முடிந்தால் அது கம்பியாகும் தன்மை. இரண்டும் ஒன்றே என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். காரீயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அதைச் சுத்தியலால் தட்டித் தாள்போல் பரப்பிவிடலாம், மெல்லிய கம்பியாக இழுக்கப் போனால் பாதியிலேயே அறுந்துவிடும். அழுத்தும்போது உள்ளே இருக்கும் சிறு ஓட்டைகளும் கீறல்களும் மூடிக்கொள்கின்றன, இழுக்கும்போது அவையே வாய் பிளக்கின்றன; வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது. அதுபோலவே மென்மையும் தகடாகும் தன்மையும் வேறு வேறு. சுண்ணக்கட்டி மென்மையானதுதான், நகத்தால் கீறலாம், அடித்தால் பொடியாகும்.

உங்கள் தவலையின் கழுத்துப் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்த பாத்திரமானால், சீர் கொடுத்த வீட்டாரின் விலாச எழுத்துகள் பெரும்பாலும் புள்ளி புள்ளியாக அதில் பதிக்கப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு குழியாகவும், குழியைச் சுற்றி மயிரிழை உயரத்துக்கு ஒரு வரப்பு எழும்பியும் இருப்பது தெரியும். உளி இறங்கிய இடத்தில் இருந்த உலோகம் உதிரவில்லை, தொலையவில்லை. பக்கவாட்டில் ஒதுங்கி வரப்பாக நின்றுவிட்டது. அதே உளியை ஆத்தங்குடித் தரைக்கல்லில் வைத்துத் தட்டினால் சில்லுதான் தெறிக்கும், வரப்பு எழாது. ஒதுங்கிப் போவதற்கு உலோகத்தால் முடிகிறது, கல்லால் முடியவில்லை. ஏன் என்பதற்குச் சற்று உள்ளே இறங்க வேண்டும்.

உலோகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக, அடுக்கு அடுக்காக நிற்கின்றன. அவற்றின் வெளிப்புற எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமாக இல்லாமல் துண்டு முழுவதற்கும் பொதுவாகத் திரிகின்றன. அந்தப் பொது எலக்ட்ரான்களே அணுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் பசை. எனவே ஓர் அடுக்கு பக்கத்து அடுக்கின் மேல் ஓரிடம் நழுவினாலும் பசை அறுவதில்லை; நேற்று பக்கத்தில் நின்ற அணுவுக்குப் பதில் இன்று வேறோர் அணு நிற்கிறது, அவ்வளவே. கல்லுப்பில் கதை வேறு. அங்கே நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் சதுரங்கக் கட்டம்போல் மாறி மாறி நிற்கின்றன. ஓர் அடுக்கு ஓரிடம் நழுவினால் நேருக்கு நேரும் எதிருக்கு எதிரும் வந்து நின்று ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. பெரிய உப்புக்கல் ஒன்றை எடுத்துக் கத்தி முனையை வைத்துத் தட்டிப் பாருங்கள். கண்டபடி நொறுங்காமல், செங்குத்தான வழவழப்பான முகங்களோடு சின்னச் சதுரப் பெட்டிகளாகப் பிளக்கும்.

ஆனால் அடுக்குகள் நழுவுகின்றன என்று சொல்லி முடித்துவிட்டால் அது பாதி விடை. ஓர் அடுக்கிலுள்ள எல்லா அணுக்களையும் ஒரே நேரத்தில் நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று 1926-இல் இயற்பியலாளர் ஃபிரென்கெல் கணக்கிட்டார். வந்த எண், உண்மையில் ஒரு தூய செம்புப் படிகத்தை வளைக்கத் தேவைப்படும் விசையைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் இருந்தது. கணக்குப்படி பார்த்தால் பாத்திரம் அடிக்கும் எந்தக் கன்னாரும் ஒரு செம்புப் பாத்திரத்தைக்கூட அடித்திருக்க முடியாது. 1934-இல் டெய்லர், ஒரோவன், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். கல்யாண வீட்டில் வளவு, அதாவது நடுமுற்றப் பகுதி, நிறைய விரித்த ஜமுக்காளத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டியிருந்தால், அனுபவப்பட்டவர்கள் அதன் ஓரத்தைப் பிடித்து இழுப்பதில்லை. ஒரு பக்கத்தில் ஒரு மடிப்பை எழுப்பி, அந்த மடிப்பைக் காலால் ஒதுக்கிக்கொண்டே மறுபக்கம் கொண்டுபோய்விடுவார்கள். மடிப்பு வெளியேறும்போது ஜமுக்காளம் முழுவதும் நகர்ந்திருக்கும், எந்தக் கணத்திலும் மடிப்பளவு துணியைத் தவிர வேறு எதுவும் தரையை விட்டு எழுந்திருக்காது. உலோகப் படிகத்திலும் அப்படி ஒரு மடிப்பு உண்டு. வரிசையில் ஓர் அரைத்தளம் கூடுதலாகச் செருகி நிற்கும் இடம் அது. இடப்பிறழ்வு என்று பெயர். சுத்தியல் அடி அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டு போகிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் இது வெறும் கருத்தாகவே இருந்தது. 1956-இல் கேம்பிரிட்ஜில் மெல்லிய அலுமினியத் தகட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, இடப்பிறழ்வுகள் நகர்வதையே கண்ணால் பார்த்தார்கள்.

இனி, எல்லா உலோகங்களும் ஏன் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்ற கேள்வி. அடுக்கு எத்தனை திசைகளில் நழுவ வழி இருக்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. பொன், வெள்ளி, செம்பு, அலுமினியம், காரீயம் ஆகியவற்றில் அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் நிற்கின்றன. அந்த அமைப்பில் நழுவுவதற்குப் பன்னிரண்டு வழிகள் உண்டு, எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் ஏதாவது ஒரு வழி திறந்திருக்கும். துத்தநாகத்தில் அறுகோண அமைப்பு. சாதாரண வெப்பநிலையில் எளிதாகத் திறப்பவை மூன்று வழிகளே. அதனால்தான் துத்தநாகக் கட்டியை அடித்தால் உடைகிறது. ஆயினும் அதையே 100 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் மற்ற வழிகளும் திறந்து, தகடாக உருட்டக் கொடுக்கிறது. 200-ஐத் தாண்டினால் மறுபடியும் நொறுங்குகிறது. இந்த இடைவெளியைக் கண்டுபிடித்து 1805-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய பிறகுதான் துத்தநாகத் தகடு என்ற சரக்கே சந்தைக்கு வந்தது. அமைப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. இரிடியத்துக்கும் பொன்னைப் போலவே பன்னிரண்டு வழி அமைப்புத்தான். ஆனால் அதன் அணுப்பிணைப்பு வளைந்து கொடுக்காத பிணைப்பு, குளிர்ந்த நிலையில் அடித்தால் விரிசல் விடும். பன்னிரண்டு வழி என்றாலே பஞ்சுபோல இருக்கும் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவதால் இதைச் சொல்கிறேன்.

பொன்னைப் பற்றிக் கேட்டீர்கள். கணக்காகவே பார்க்கலாம். கைத்தொழிலில் அடித்தெடுக்கும் பொன் இழை ஏறத்தாழ 0.1 மைக்ரான் தடிப்பு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பவுன் எடையுள்ள, அதாவது 8 கிராம் தூய பொன்னை அந்த அளவுக்கு அடித்தால் ஏறக்குறைய 45 சதுர அடிக்குப் பரவும். அந்தத் தடிப்பில் அணு அடுக்குகளை எண்ணினால் நானூற்றுச் சொச்சந்தான் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பொன் நிறம் மறைந்து பச்சை நிறமாக ஒளி ஊடுருவி வரும். 1909-இல் ரதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டெனும் ஆல்பா துகள்களை எறிந்து பார்க்கப் பொன் தகட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வளவு மெல்லிய தகடாக வேறு உலோகம் எளிதில் கிடைக்காது. பொன்னுக்கு இன்னொரு வசதியும் உண்டு: காற்றுப் பட்டு அதன் மேல் களிம்போ துருவோ படிவதில்லை. மற்ற உலோகங்களை இவ்வளவு மெலிதாக்கினால் மேற்பரப்பில் படியும் ஆக்சைடே தடிப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

அப்படிப்பட்ட பொன்னையும் கெடுத்துவிடலாம். 1803-இல் சார்லஸ் ஹாட்செட் என்பவர் பொன்னோடு ஒவ்வோர் உலோகமாகக் கலந்து பார்த்து எழுதிய நீண்ட கட்டுரையில், காரீயமும் பிஸ்மத்தும் மிகச் சிறிய அளவில் சேர்ந்தாலே பொன் நொறுங்கும் தன்மை அடைந்துவிடுவதைக் காட்டினார். காரணம், காரீய அணுக்கள் பொன்னுக்குள் கரையாமல், படிகத்துக்கும் படிகத்துக்கும் இடையேயுள்ள எல்லைகளில் போய்த் தங்கிவிடுகின்றன. செங்கல் நல்லதாக இருந்தும் சாந்து கெட்ட சுவரின் நிலை அதற்கு வந்துவிடுகிறது. கழுத்துரு என்னும் செட்டிநாட்டுத் திருமணப் பொன் அணியைச் செய்யும் ஆசாரி தம் பட்டடைப் பக்கம் காரீயத் துணுக்கை அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதை அனாவசியக் கெடுபிடி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

படிக எல்லை என்றேனே, அதைப் பார்க்க நுண்ணோக்கி தேவையில்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகளின் நிலைக்கதவில் இருக்கும் வார்ப்புப் பித்தளைக் குமிழை, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் உற்றுப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் கை வியர்வை பட்டு அரித்து, மேற்பரப்பு ஒழுங்கற்ற சிறு சிறு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். தலையைச் சற்று நகர்த்தினால் ஒரு கட்டம் மின்னும், பக்கத்துக் கட்டம் மங்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு படிகம்.

இப்போது உங்கள் தவலைக்கு வருகிறேன். உலோகத்தை அடிக்க அடிக்க இடப்பிறழ்வுகள் நகர்வது மட்டுமல்ல, பெருகவும் செய்கின்றன. நன்றாகக் காய்ச்சி ஆறவைத்த உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரை ஊடுருவும் இடப்பிறழ்வுகள் பத்து லட்சம் என்ற அளவில் இருக்குமானால், கடுமையாக அடிபட்ட துண்டில் அது ஒரு லட்சம் கோடிக்கு எகிறிவிடும். மடிப்புகள் இத்தனை ஆனால் ஒன்றின் வழியில் ஒன்று குறுக்கே விழுந்து சிக்கிக்கொள்கின்றன. ஜமுக்காளத்தில் நாலாபுறமும் மடிப்பை எழுப்பிவிட்டு ஒன்றைத் தள்ளப் பார்ப்பது போன்ற நிலைமை. துண்டு இறுகுகிறது. அதற்கு மேலும் அடித்தால், நழுவ வழியில்லாத உலோகம் பிளக்க வழி பார்க்கிறது. கம்பித் துண்டொன்றை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடித்த எல்லோரும் இதைக் கையால் உணர்ந்தவர்கள்தாம். மூன்றாவது வளைப்பு முதல் வளைப்பைவிடக் கெட்டியாக இருக்கும், பிறகு திடீரென்று ஒடியும்.

தவலையின் வயிறு முதலில் உருவானபோதே தகடு ஆயிரக்கணக்கான அடி வாங்கி இறுகியிருக்கும். கடைசி வரிசை அடிகளைக் காய்ச்சாமல் விட்டுவிடுவது வழக்கம். அந்த இறுக்கந்தான் பாத்திரத்துக்குக் கெட்டித்தன்மையைத் தருகிறது. பிறகு அது எங்கோ விழுந்து நசுங்கியபோது மேலும் இறுகியது. நீங்கள் கொடுத்த பட்டறையில் அதைப் பச்சையாக, அதாவது காய்ச்சாமல், உள்ளிருந்து தட்டி வெளியே தள்ளியபோது மூன்றாம் முறை இறுகியது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மிக்கு அது சரி, தகட்டுக்குச் சரிப்படாது.

காய்ச்சுவதால் என்ன நடக்கிறது? வெப்பம் கிடைத்ததும் சிக்கிய அணுக்கள் நகர்ந்து, இடப்பிறழ்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, பழைய நசுங்கிய படிகங்களின் எல்லையில் புதிய, சிக்கலற்ற படிகங்கள் முளைத்து வளர்ந்து பழையவற்றை விழுங்கிவிடுகின்றன. உருக வேண்டியதில்லை, உருகுநிலையைக் கெல்வினில் எடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எட்டினால் பெரும்பாலான உலோகங்களில் இது தொடங்கிவிடும். செம்பையும் பித்தளையையும் மங்கிய சிவப்பு வரும் வரை காய்ச்சினால் போதும். ஆசாரி பொன் கம்பியை அச்சில் இரண்டு மூன்று முறை இழுத்ததும் உமி நிரப்பிய ஓட்டில் வைத்து ஊதுகுழலால் ஊதிச் சிவக்கவைத்துவிட்டு மறுபடி இழுப்பது இதற்காகவே. ஒரு முக்கியமான வேறுபாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். சிவக்கக் காய்ச்சிய செம்பைத் தண்ணீரில் முக்கினாலும் மென்மையாகவே இருக்கும். கரி கலந்த எஃகு அரிவாளை அதேபோல் முக்கினால் கண்ணாடிபோல் விறைத்துவிடும். கொல்லர் பட்டறையில் பார்த்ததைக் கன்னார் பட்டறையில் பொருத்திப் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு.

இந்தக் கணக்கில் வேடிக்கையான விதிவிலக்கு நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு காரீயம் அன்று, வெள்ளீயம். அதன் உருகுநிலை 232 டிகிரிதான். அதனால்தான் வெறுஞ்சொம்பை அடுப்பில் வைத்தால் அடி ஒழுகிவிடும் என்று பெரியவர்கள் அதட்டுகிறார்கள், உள்ளே ரசம் இருக்கும் வரை வெப்பம் நூறைத் தாண்டாமல் தண்ணீரே காவல் காக்கிறது. மேலே சொன்ன பாதிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வெள்ளீயத்துக்கு நம் ஊர் வெயிலே காய்ச்சும் உலை. ஆகவே எவ்வளவு தட்டினாலும் அது நிலையாக இறுகுவதில்லை. அடி விழ விழ, தன்னைத்தானே பதப்படுத்திக்கொள்கிறது. ஈயச் சொம்பு எளிதில் நசுங்குவதும், கட்டைவிரலாலேயே திரும்ப நிமிர்த்த முடிவதும் இதனால்தான். சுத்தமான வெள்ளீயக் குச்சியை வளைத்துக் காதோரம் வைத்துக் கேட்டால் ஒரு மெல்லிய கறகறப்புக் கேட்கும். படிகங்கள் கண்ணாடிப் பிம்பம்போல் சட்டென்று புரண்டு கொள்ளும் ஓசை அது.

எவர்சில்வரின் கதை இதற்கு நேர்மாறு. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காட்டுக்குக் குறையாத நிக்கலும் சேர்ந்த 304 வகை எஃகு, பொன்னைப் போன்ற பன்னிரண்டு வழி அமைப்புக் கொண்டது. காந்தம் அதை இழுக்காது. ஆனால் அச்சில் அழுத்தித் தம்ளராக்கும்போது மிகுதியாகத் திரிபடைந்த இடங்களில் அமைப்பே மாறிக் காந்தத்தைப் பற்றும் வேறொரு வடிவமாகிவிடுகிறது. ஒரு சிறு காந்தத்தைத் தம்ளரின் அடியில் வைத்துப் பாருங்கள், பிடிக்காது. விளிம்புக்குக் கீழே வைத்துப் பாருங்கள், மெல்லப் பற்றும். மெலியத் தொடங்கும் இடம் உடனே இறுகிவிடுவதால், அழுத்தம் பக்கத்து இடத்துக்குப் பரவி, தகடு ஓரிடத்தில் மட்டும் மெலிந்து கிழியாமல் சீராக நீள்கிறது. நிக்கலைக் குறைத்த மலிவு வகைகளில் இதுவே வினையாகிறது. அச்சிலிருந்து முழுசாக வந்த பாத்திரம் சில நாள் கழித்து, யாரும் தொடாமலே, விளிம்பிலிருந்து நெட்டுக்குத்தாகப் பிளப்பதுண்டு. உங்கள் தவலை மறுநாள் காலையில் பிளந்ததைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

மறுநாள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சொல். அடித்தபோதே பிளந்திருந்தால் இறுக்கம் மட்டுமே காரணம் என்று முடித்திருப்பேன். காத்திருந்து பிளந்ததால், தகட்டுக்குள் தங்கிவிட்ட இழுவிசையோடு வேறொன்றும் கூட்டுச் சேர்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் மழைக்காலத்தில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள், ஒருவர் கையும் படாமலே கழுத்துப் பகுதியில் பிளந்து போயின. பருவ விரிசல் என்று பெயர் வைத்தார்கள், பல காலம் காரணம் புரியவில்லை. 1921-இல்தான் தெளிவானது: குதிரை லாயங்களின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரக்காற்றும் சேர்ந்து, உள் இழுவிசை தங்கியிருக்கும் பித்தளையின் படிக எல்லைகளைத் தின்றுகொண்டே போயிருக்கின்றன. செட்டிநாட்டு வீட்டில் பெரிய தவலைகளும் அண்டாக்களும் எங்கே கிடந்தன என்று யோசித்துப் பாருங்கள். விசேஷத்துக்கு வெளியே வந்தவை மற்ற நாளெல்லாம் பின்கட்டில், பல வீடுகளில் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்து அறையில்தான் இருந்தன. உங்கள் தவலையில் கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கீறல்கள் ஏற்கெனவே ஓடியிருந்து, பட்டறை அடி அவற்றின் வாயைத் திறந்துவிட்டது என்பதே என் கணிப்பு. அதை உறுதியாகச் சொல்ல விரிசலை வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். 1953-இல் திறந்துவைக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வு நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது, அரிப்பு அவர்களுடைய முக்கியத் துறைகளில் ஒன்று, ஆனால் ஒரு தவலைக்காக அவர்களிடம் போகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பித்தளையில் செம்போடு கலந்திருக்கும் துத்தநாகத்தின் அளவும் பொருட்படுத்த வேண்டியது. 35 விழுக்காடு வரை துத்தநாகம் செம்பின் அமைப்புக்குள் கரைந்து நிற்கும்; அந்தப் பித்தளையைக் குளிர்ந்த நிலையிலேயே அடிக்கலாம். 40-ஐ நெருங்கினால் இன்னோர் அமைப்பும் உள்ளே தோன்றிவிடும்; அது குளிர்ந்தால் முரண்டு பிடிக்கும், சூட்டில் வெண்ணெய்போல் கொடுக்கும். 1832-இல் மன்ட்ஸ் என்பவர் கப்பலின் அடிப்புறத்தில் போர்த்த இத்தகைய தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதைச் சூடாகத்தான் உருட்டினார்கள்.

வார்த்தெடுத்த பாத்திரங்களை இந்தப் பேச்சிலிருந்து ஒதுக்கி வைத்துவிடுங்கள். வெண்கல உருளியில் நசுங்கலே விழாது. விழுந்தால் உடையும், தட்டி எடுக்க ஒன்றுமில்லை. 22 விழுக்காட்டுக்கு அருகில் வெள்ளீயம் சேர்ந்த வெண்கலத்தைச் சிவந்த நிலையில் அடித்துத் தண்ணீரில் முக்கித் தாளமும் தட்டும் செய்கிறார்கள், மெல்ல ஆறவிட்டால் அதுவே நொறுங்கும்; இது தனிக் கலை, தனியாக எழுத வேண்டியது. இரும்பிலும் இதே பாகுபாடு உண்டு. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி நம் வீடுகளுக்கு வந்தவற்றில் வார்ப்பிரும்பும் உண்டு, வர்ணம் பூசிய உலோகத் தகட்டு விதானமும் உண்டு. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 விழுக்காடு வரை கரி இருக்கிறது. அது செதில் செதிலாக உள்ளே பரவி, ஒவ்வொரு செதிலும் முன்கூட்டியே போட்டுவைத்த விரிசலாக நிற்கிறது. தூணாக நின்று பாரம் சுமக்க அது போதும், விதானத்தில் பூவேலையை அழுத்தி எடுக்க அதனால் ஆகாது. அதற்குக் கரி மிகக் குறைந்த எஃகுத் தகடு வேண்டும். வார்ப்பிரும்பையே நாள்கணக்கில் சூட்டில் வைத்துப் பதப்படுத்தினால் ஓரளவு அடி தாங்கும் என்று 1722-இல் பிரான்சில் ரேயொமூர் எழுதினார்.

உலோகமல்லாதவை பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஈரக் களிமண், மெழுகு, சூடான அரக்கு, பிசைந்த மாவு எல்லாம் பரவும், ஆனால் வேறு வேறு காரணங்களால். களிமண்ணில் நழுவுவது தட்டுத் தட்டான துகள்கள், இடையிலுள்ள தண்ணீரே வழுக்கல், காய்ந்தால் முடிந்தது. பரோட்டா மாவில் கோதுமைப் புரதம் வலைபோல் பின்னி நிற்கிறது. அடித்ததும் முறுக்கிக்கொண்டு சுருங்கும் மாவை எண்ணெய் தடவி ஊறவிட்டால், வலை தளர்ந்து வீசக் கொடுக்கிறது. காய்ச்சி ஆறவைப்பதற்கு இது பங்காளி முறை, சொந்தத் தம்பி என்று சொல்ல மாட்டேன். அரிசி மாவில் அந்தப் புரதம் இல்லை என்பதால் இடியாப்பத்துக்குக் கொதிநீர் ஊற்றி மாவுச்சத்தையே பசையாக்க வேண்டியிருக்கிறது. அதே பழம்பொருள் தெருவில் அடுக்கி வைத்திருக்கும் எனாமல் தூக்குகளையும் கவனியுங்கள். எஃகின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடிப் படலம் அது. கீழே விழுந்த இடத்தில் எஃகு குழிந்திருக்கும், கண்ணாடி சில்லாகத் தெறித்துக் கறுப்பு வட்டம் தெரியும். அடி ஒன்றுதான், ஒன்று ஒதுங்கியது, மற்றொன்று தெறித்தது.

எத்தனை தகடாகும் என்று அளக்க முடியுமா என்ற கடைசிக் கேள்விக்கு: இதற்கென்று ஓர் அலகு கிடையாது. தொழிற்சாலைகளில் தகட்டை இறுகப் பிடித்து 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டால் அழுத்தி, விரிசல் தோன்றும்போது எத்தனை மில்லிமீட்டர் குழிந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். எரிக்சன் சோதனை என்று பெயர். தடிப்பு மாறினால் எண்ணும் மாறும் என்பதால் ஒரே தடிப்புள்ள தகடுகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

தவலையைக் காப்பாற்றலாம். விரிசலின் இரு முனைகளிலும் 2 மில்லிமீட்டர் அளவில் ஒவ்வொரு துளை போடச் சொல்லுங்கள். கூர்முனையில் குவியும் இழுவிசை வட்டத் துளையில் பரவிவிடுவதால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. பிறகு அந்தப் பகுதியை மட்டுமல்லாமல் வயிறு முழுவதையும் சீராக மங்கிய சிவப்புக்குக் காய்ச்சி ஆறவிட்டு, கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி நேராக்கிய பின் பற்று வைத்து, அதாவது உலோகத்தை உருக்கி ஒட்டி, விரிசலை அடைக்க வேண்டும். முன்னதாக இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தும் வயிறும் தனித்தனியாகச் செய்து பற்றுவைத்த தவலையானால் அந்த மூட்டுக்கு ஈரத்துணி சுற்றிக் காப்புக் கொடுக்க வேண்டும். உட்புறத்து ஈயப்பூச்சு இந்தச் சூட்டில் உருகிப் போய்விடும் என்பதால், சமைக்க எடுப்பதாக இருந்தால் புதிதாக ஈயம் பூசியே ஆக வேண்டும். எல்லாம் முடிந்ததும் தவலையைக் கவிழ்த்து, விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிக் கேளுங்கள். எந்தப் பக்கத்திலாவது ஓசை கணீரென்று நில்லாமல் ஓட்டையாகக் கேட்டால், அங்கே இன்னொரு மயிர்க்கீறல் இருக்கிறது, அந்தப் பக்கத்தில் சுத்தியல் படக் கூடாது.